கிளவுஸ் போட்டும் கை அடிபடுகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி

கோவைப் பக்கம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேலை செய்யும் பட்டறை ஒன்றில் ஸ்டோர்ஸையும் பாதுகாப்பையும் சேர்த்துப் பார்க்கிறேன். சில வருடம் முன்பு தகடு இறக்கிக்கொண்டிருந்த பையன் ஒருவன் உள்ளங்கையைப் பொத்திக்கொண்டு வந்து நின்றான். "கிளவுஸ் போட்டுட்டுத்தானுங்கண்ணா இருந்தேன்" என்றான். போட்டிருந்தது உண்மை, அதுவும் நல்ல தடித்த தோல் கிளவுஸ். நாங்கள் உடனே செய்த காரியம் அதைவிடத் தடித்த ஜோடிகளை வாங்கியதுதான். இரண்டு மாதம் கழித்து இன்னொருவருக்கு அதே இடத்தில் அதே மாதிரி வெட்டு விழுந்தது. அதற்கு அப்புறம்தான் மணிக்கட்டுப் பக்கம் அச்சடித்திருக்கும் எண்களை உட்கார்ந்து படித்தேன்.

படித்ததில் புரிந்த ஒரே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளவுஸில் இருக்கும் ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு சோதனையின் விடை. அந்தச் சோதனையில் எது கையைத் தாக்கியதோ அதற்கு மட்டும்தான் அந்த எண் பொறுப்பு. அதனால் கை அடிபட்டால் 'எந்த கிளவுஸ் நல்லது' என்று தேடாதீர்கள். கையைத் தாக்கியது எது என்று பார்த்து, அதற்கான எண் இந்த கிளவுஸில் எத்தனை என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் குறைவாக இருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும்.

அடிபட்டவுடன் அந்த கிளவுஸைக் குப்பையில் போடாதீர்கள். ஒரு கவரில் போட்டு வையுங்கள். உள்ளங்கையா, விரல் நுனியா, புறங்கையா, எந்த இடம் போனது என்று பார்த்து, மணிக்கட்டு அச்சை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாளையும் தேடி எடுங்கள், அதை யாரும் படிப்பதில்லை, ஆனால் பாதி விடை அதில்தான் இருக்கிறது. இனி உங்கள் அறிகுறிக்குப் போகலாம்.

தகடு, கண்ணாடி, பிசிறு கிழித்துவிட்டது

கேடயத்துக்குள் சுத்தியல் போட்ட படம் இருக்கிறதா பாருங்கள். அதுதான் இஎன் 388, இயந்திரவகை ஆபத்துகளுக்கான ஐரோப்பியத் தரம். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் நல்ல கிளவுஸ்களில் பெரும்பாலும் இதுதான் இருக்கும். படத்துக்குக் கீழே '4 எக்ஸ் 4 3 டி' என்பது போல ஒரு வரிசை இருக்கும். முதல் இடம் தேய்மானம், இரண்டாவது வெட்டு, மூன்றாவது கிழிசல், நான்காவது குத்து. ஐந்தாவதாக வரும் எழுத்து இன்னொரு வகை வெட்டுச் சோதனையின் விடை. கடைசியில் 'பி' (P) என்ற எழுத்து இருந்தால் மோதல் சோதனையிலும் தேறியது. 'எக்ஸ்' என்றால் அந்தச் சோதனை செய்யப்படவில்லை. பூஜ்யம் என்றால் சோதித்துப் பார்த்ததில் முதல் நிலைகூடத் தேறவில்லை.

எங்கள் தடித்த தோல் கிளவுஸ் ஏன் கைவிட்டது என்பது இங்கேதான் தெரிந்தது. தேய்மானத்தில் நல்ல எண், வெட்டில் 1. தோல் கிளவுஸ்களில் இது சாதாரணம். தேய்மானச் சோதனை என்பது உப்புத்தாளில் தேய்த்துப் பார்ப்பது: 100 சுற்று தாங்கினால் நிலை 1, 500 என்றால் 2, 2000 என்றால் 3, 8000 என்றால் 4. செங்கல் தூக்கவும் கயிறு இழுக்கவும் அந்த எண் போதும். தகட்டின் விளிம்பு உப்புத்தாள் இல்லையே, அது கத்தி. தடிமனைக் கையால் தடவிப் பார்த்து 'இது தாங்கும்' என்று முடிவு செய்ததுதான் எங்கள் தவறு.

வெட்டுக்கு ஏன் இரண்டு இடம் என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இரண்டாவது இடத்து எண் பழைய சோதனை. ஒரு வட்டப் பிளேடு 5 நியூட்டன் அழுத்தத்தோடு சுழன்றபடி முன்னும் பின்னும் போய்வரும், பருத்தித் துணி எத்தனை சுற்றில் வெட்டுப்பட்டது, கிளவுஸ் எத்தனை சுற்றில் வெட்டுப்பட்டது என்று ஒப்பிட்டு 1 முதல் 5 வரை எண் கொடுப்பார்கள். நூலில் கண்ணாடி இழையோ ஸ்டீல் இழையோ கலந்திருந்தால் அந்தப் பிளேடே மழுங்கிவிடும், மழுங்கிய பிளேடு எத்தனை சுற்று சுற்றினாலும் வெட்டாது, எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் 2016 பதிப்பில் ஐந்தாவது இடத்தைச் சேர்த்தார்கள். அதில் ஒவ்வொரு முறையும் புதிய நேர்ப் பிளேடு, 20 மில்லிமீட்டர் தூரம் ஒரே இழுப்பில் இழுத்து, வெட்டிக் கடக்க எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்று அளப்பார்கள். 'ஏ' என்றால் 2 நியூட்டன், 'பி' (B) 5, 'சி' 10, 'டி' 15, 'இ' 22, 'எஃப்' 30. பழைய சோதனையில் பிளேடு மழுங்கியது என்றால் இந்த எழுத்தைத்தான் நம்ப வேண்டும், எண் வெறும் தகவலுக்குத்தான்.

அதனால் உங்கள் கிளவுஸில் நான்கு எண் மட்டும் இருந்து எழுத்தே இல்லை என்றால் அது 2003 பதிப்புக் காலத்துச் சரக்கு. அதில் வெட்டு 5 என்று போட்டிருந்தாலும் தகடு வேலைக்கு அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள்.

அடுத்த குழப்பம் அமெரிக்க அச்சு. ஆன்சி 105 என்ற தரத்தில் ஏ1 முதல் ஏ9 வரை வெட்டு நிலைகள் உண்டு, அவை கிராம் கணக்கு. ஏ1 என்றால் 200 கிராம், ஏ2 500, ஏ3 1000, ஏ4 1500, ஏ5 2200, ஏ6 3000, அப்படியே ஏறி ஏ9 என்றால் 6000. ஐரோப்பிய எழுத்தில் 'ஏ' என்பது ஆகக் கீழ்ப் படி, அமெரிக்க அச்சில் 'ஏ' என்பது எல்லா நிலைக்கும் முன்னால் வரும் எழுத்து. ஒரு சப்ளையர் "இது லெவல் ஃபைவ்ங்க" என்றால் அது இஎன் இரண்டாவது இடத்து 5-ஆ, ஆன்சி ஏ5-ஆ என்று கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. தோராயமாக ஒப்பிட வேண்டுமென்றால் 'சி' ஏ3-க்குப் பக்கம், 'டி' ஏ4-க்குப் பக்கம், 'இ' ஏ5-க்கும் 'எஃப்' ஏ6-க்கும் பக்கம். 'எஃப்'-க்கு மேலே ஐரோப்பிய அச்சில் எழுத்து கிடையாது, ஆகவே ஏ7, ஏ9 எல்லாம் அங்கே 'எஃப்' ஆகவே நிற்கும்.

எது வேண்டும் என்று கேட்டால் என் அனுபவத்தில் அட்டைப்பெட்டி, பேக்கிங் வேலைக்கு 'ஏ' அல்லது 'பி', பிசிறு எடுத்த உதிரிபாகம் கையாள 'சி', வெட்டின விளிம்போடு இருக்கும் ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கும் உடைந்த கண்ணாடிக்கும் 'டி'-க்குக் குறைவாக வாங்க மாட்டேன். பெரிய தகட்டை இரண்டு பேர் தூக்கும்போது வழுக்கினால் முழு எடையும் விளிம்பில் இறங்கும், அந்த இடத்துக்கு 'இ' அல்லது 'எஃப்' வைத்திருக்கிறேன்.

சரி, எழுத்து சரியாகவே இருக்கிறது, இருந்தும் வெட்டுப்பட்டது என்றால் மூன்றைப் பாருங்கள். ஒன்று, காயம் எங்கே? சோதனைக்கான துண்டை உள்ளங்கைப் பகுதியிலிருந்துதான் எடுப்பார்கள். புறங்கையில் வேறு துணி தைத்திருந்தால் அந்த எழுத்து அதற்குப் பொருந்தாது. மணிக்கட்டுக்கு மேலே வெட்டுப்பட்டால் கிளவுஸைக் குறைசொல்லிப் பயனில்லை, வெட்டுத்தாங்கும் ஸ்லீவ் வாங்க வேண்டும். இரண்டு, எத்தனை நாள் பழசு? அந்த எழுத்து புது கிளவுஸுக்குக் கிடைத்தது. நூல் பிரிந்து, பூச்சு தேய்ந்து, எண்ணெய் ஊறின கிளவுஸுக்கு யாரும் சான்று தரவில்லை. மூன்று, வெட்டியது ஓடும் இயந்திரமா? ஓடும் ரம்பம், கிரைண்டர் சக்கரம் இவற்றுக்கு எதிராக இஎன் 388-ன் எந்த எழுத்தும் உத்தரவாதம் கிடையாது. செயின்சாவுக்கென்று தனித் தரமே இருக்கிறது.

டிரில்லிங் மெஷின் கிளவுஸைச் சுற்றி இழுத்துவிட்டது

இதற்கு நல்ல கிளவுஸ் என்று ஒன்று இல்லை. சுழலும் டிரில், லேத் முன்னால் கிளவுஸே போடக் கூடாது. கிழியாத நல்ல கிளவுஸ்தான் இங்கே அதிக ஆபத்து, ஏனென்றால் துணி கிழிந்து விடுபடாமல் விரலையும் சேர்த்து இழுக்கும். கிழிசல் எண் 1 அல்லது அதற்கு மேல் இருக்கும் கிளவுஸின் விளக்கத்தாளில் 'சுழலும் பாகங்கள் அருகே அணியாதீர்கள்' என்ற எச்சரிக்கை இருந்தே ஆக வேண்டும். பொருளை வைஸில் கட்டுங்கள், உலோகச் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள், மெஷின் நின்ற பிறகு கிளவுஸ் மாட்டிக்கொண்டு பொருளை எடுங்கள். எங்கள் பட்டறையில் கிளவுஸ் கட்டாயம் என்று பலகை வைத்தபோது டிரில்லிங் பகுதிக்கும் சேர்த்து வைத்துவிட்டோம், ஒரு வயதான ஆபரேட்டர்தான் வந்து தடுத்தார். அவர் சொன்னது சரி, அன்றே கழற்றிவிட்டோம்.

ஊசியோ கம்பி முனையோ உள்ளே இறங்கிவிட்டது

நான்காவது இடத்தில் 4 இருக்கிறதே என்று குழம்புவீர்கள். அந்தச் சோதனையில் குத்துவது தடித்த ஆணி மாதிரியான, முனை மழுங்கிய கம்பி. அது 150 நியூட்டன் தாங்கினால் நிலை 4. மெல்லிய ஊசி அப்படியா வரும்? நெய்த நூலின் கண்களுக்கு நடுவே வழி பார்த்துக்கொண்டு போய்விடும். ஆன்சி தரத்தில் 2016-ல் 25 கேஜ் மருத்துவ ஊசியால் குத்திப் பார்க்கும் தனிச் சோதனையைச் சேர்த்தார்கள். அதில் உச்ச நிலையான 5-க்கே 10 நியூட்டன்தான். இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே ஊசிக்கும் ஆணிக்கும் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

குப்பை பிரிப்பவர்கள், மருத்துவமனைக் கழிவு அள்ளுபவர்கள், ஸ்டீல் கயிறு கையாள்பவர்கள் எல்லோரும் இந்த ஊசிச் சோதனை நிலையைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். துப்புரவுப் பணியாளர்களுக்கு மெல்லிய ரப்பர் கிளவுஸைக் கொடுத்துவிட்டுப் 'பாதுகாப்பு உபகரணம் வழங்கியாயிற்று' என்று கணக்கு எழுதுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த கிளவுஸ் ஈரத்தைத் தடுக்கும், ஊசியைத் தடுக்காது. உச்ச நிலை கிளவுஸ் போட்டிருந்தாலும் பையைக் கையால் அழுத்துவது, அடியில் கைவைத்துத் தூக்குவது இரண்டும் வேண்டாம்.

உள்ளே கை எரிகிறது, விரல் வெளுக்கிறது, கிளவுஸ் ஊதிப் பிசுபிசுக்கிறது

வேதிப்பொருள் விஷயத்தில் கிளவுஸ் தோற்பது மூன்று வழியில். ஓட்டை வழியாக நேராக வருவது ஒன்று. பொருளே கெட்டுப்போவது இன்னொன்று: ஊதும், விறைக்கும், நொறுங்கும். மூன்றாவது, ஓட்டையும் இல்லாமல் கெடவும் இல்லாமல் மூலக்கூறு மூலக்கூறாக ஊடுருவி மறுபக்கம் வருவது. கண்ணுக்கு எதுவும் தெரியாது, கிளவுஸ் புதுசு போலவே இருக்கும். பயப்பட வேண்டியது இந்த மூன்றாவதற்குத்தான்.

முதலில் ஓட்டை சோதியுங்கள்: காற்றை அடைத்து வாயைச் சுருட்டித் தண்ணீரில் அமுக்கினால் குமிழி காட்டிக்கொடுக்கும். குமிழி வரவில்லை என்றால் கூம்புக் குடுவை போட்ட படத்தைத் தேடுங்கள். அது ஐஎஸ்ஓ 374. படத்துக்கு மேலே டைப் ஏ, பி, சி என்று இருக்கும், கீழே சில எழுத்துகள் இருக்கும். டைப் ஏ என்றால் பட்டியலில் உள்ள குறைந்தது 6 வேதிப்பொருள்களை 30 நிமிடமாவது ஊடுருவாமல் தடுத்தது. டைப் பி என்றால் 3 பொருள், அதே 30 நிமிடம். டைப் சி என்றால் ஒரே ஒரு பொருள், 10 நிமிடம். எந்தப் பொருள் என்பதைக் கீழே உள்ள எழுத்துகள்தான் சொல்லும்: ஏ மெத்தனால், பி அசிட்டோன், எஃப் டொலுவீன், கே 40 சதவீத காஸ்டிக் சோடா, எல் 96 சதவீத கந்தக அமிலம், எம் 65 சதவீத நைட்ரிக் அமிலம், எஸ் 40 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம், இப்படி 18 பொருள்கள். உங்கள் டப்பாவில் இருப்பதன் எழுத்து அங்கே இல்லை என்றால், டைப் ஏ என்று போட்டிருந்தாலும் உங்களுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறைகளில் அதிகம் பார்ப்பது தின்னரும் அசிட்டோனும். நைட்ரைல் கிளவுஸ் எண்ணெய்க்கும் கிரீஸுக்கும் அருமை, அசிட்டோனுக்கு மோசம். அதுவும் மெல்லிய யூஸ் அண்ட் த்ரோ நைட்ரைல் என்றால் சில நிமிடத்துக்குள் கடந்துவிடும். அசிட்டோனுக்குப் பியூட்டைல் ரப்பர் வேண்டும். ஆனால் அதே பியூட்டைல் பெட்ரோல், எண்ணெய்க்கு உதவாது. தின்னர் கலவை என்பதால் டப்பாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பார்த்து, கிளவுஸ் தயாரிப்பாளரின் பட்டியலில் ஒவ்வொன்றாகத் தேட வேண்டியிருக்கிறது. சிரமம்தான், வேறு வழியில்லை.

இன்னொரு இடத்தில் நிறைய பேர் தவறுகிறார்கள். 30 நிமிடம் என்பது 23 டிகிரியில் ஆய்வகத்தில் அளந்தது. கையின் சூட்டிலும் நம் ஊர் வெயிலிலும் ஊடுருவல் வேகமாக நடக்கும். மேலும் அந்தக் கடிகாரம் முதல் துளி பட்டதும் ஓட ஆரம்பிக்கும், நீங்கள் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனாலும் நிற்காது, உள்ளே போன மூலக்கூறு நகர்ந்துகொண்டே இருக்கும். காலையில் தின்னரில் நனைந்த கிளவுஸை மத்தியானம் 'காய்ந்துவிட்டது' என்று மாட்டினால் வாசனை உள்ளே இருந்தே வரும்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியில் கேரன் வெட்டர்ஹான் என்ற வேதியியல் பேராசிரியர், 1996 ஆகஸ்டில் டைமெத்தில் மெர்குரி என்ற கொடிய பாதரசச் சேர்மத்தைக் கையாண்டபோது சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கிளவுஸ் மேல் விழுந்தன. அன்றைய வழக்கப்படி சரியான கிளவுஸைத்தான் போட்டிருந்தார். பிறகு சோதித்துப் பார்த்ததில் அந்தப் பொருள் லேடெக்ஸை 15 வினாடிக்குள் கடந்துவிடுகிறது என்று தெரிந்தது. பல மாதம் கழித்தே அறிகுறிகள் வந்தன, 1997 ஜூனில் அவர் இறந்துபோனார். விஷயம் தெரிந்த, கவனமாக வேலை செய்கிற ஒருவருக்கு நடந்தது இது. கிளவுஸ் கிழியவே இல்லை.

ஸ்டெயின்லெஸ் வேலை செய்பவர்கள் இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். வெல்டிங் கருப்பை எடுக்கத் தடவும் பிக்ளிங் பேஸ்ட்டில் நைட்ரிக் அமிலத்தோடு பெரும்பாலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் இருக்கும். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறுவோம். இது நீர்த்த நிலையில் பட்டால் பல மணி நேரம் வலியே தெரியாமல் உள்ளே இறங்கி, உடம்பில் இருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கிளவுஸில் 'எம்', 'எஸ்' இரண்டு எழுத்தும் இருக்கிறதா பாருங்கள், மணிக்கட்டைத் தாண்டி நீளமாக இருக்கட்டும். பட்டுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே ஓடும் தண்ணீரில் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் தடவி, வலி இல்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், என்ன பட்டது என்று டாக்டரிடம் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஜெல் முதலுதவிப் பெட்டியில் இல்லாமல் பேஸ்ட் டப்பாவைத் திறக்க நான் விடுவதில்லை.

தோட்டத்தில் மருந்து அடிப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 18889 என்று தனித் தரம் 2019-ல் வந்தது. ஜி1 நீர்த்த மருந்துக்கு, ஜி2 டப்பாவிலிருந்து அப்படியே ஊற்றும் கெட்டி மருந்துக்கும் சேர்த்து. மருந்தில் அதிக ஆபத்தான நேரம் அடிக்கும் நேரம் அல்ல, டப்பாவைத் திறந்து கலக்கும் நேரம்தான். அதனால் ஜி2 வாங்குங்கள்.

சூடு உள்ளே ஏறிவிட்டது

நெருப்புப் படம், இஎன் 407. ஆறு இடம்: தீப்பிடிப்பு, தொடு சூடு, அனல் காற்று, கதிர் வீச்சுச் சூடு, உருகிய உலோகத்தின் சிறு துளி, பெரிய அளவு உருகிய உலோகம். சூடான பொருளைத் தூக்கிச் சுட்டது என்றால் இரண்டாவது இடம்தான் உங்கள் விடை. 1 என்றால் 100 டிகிரி, 2 என்றால் 250, 3 என்றால் 350, 4 என்றால் 500. ஆனால் எத்தனை நேரத்துக்கு? 15 வினாடிக்கு. 250 டிகிரி கிளவுஸ் என்று நம்பி அந்தச் சூட்டில் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பட்டறையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்தால் நடுவழியில் சுடும், அது கிளவுஸின் குற்றமில்லை. அப்போதுதான் வெல்டு முடிந்த மூட்டைக் கையால் பிடிக்காதீர்கள், குறடு எடுங்கள்.

கிளவுஸ் ஈரமாக இருந்ததா என்றும் கேளுங்கள். ஈரத் துணியால் அடுப்புப் பாத்திரத்தை இறக்கிச் சுட்டுக்கொண்டவர்களுக்குக் காரணம் தெரியும், நனைந்த துணி வழியாகச் சூடு சட்டென்று கடக்கும், அந்த ஈரமே ஆவியாகவும் மாறும். வியர்வையில் ஊறின வெல்டிங் கிளவுஸிலும் அதே கதைதான்.

வெல்டர்களுக்கு இஎன் 12477. டைப் ஏ தடித்தது, ஆர்க் வெல்டிங்குக்கு. டைப் பி மெல்லியது, விரல் வளையும், டிக் வெல்டிங்குக்கு. டிக் வேலைக்கு ஏ கொடுத்தால் ஃபில்லர் கம்பியைத் தள்ள முடியாமல் கழற்றிவிடுவார்கள், ஆர்க் வேலைக்கு பி கொடுத்தால் சுடும். நைலான் நூல் கிளவுஸோடு பொறி பறக்கும் இடத்துக்குப் போகவே கூடாது, உருகித் தோலில் ஒட்டும்.

லேசாக ஷாக் அடித்தது

வேலையை நிறுத்துங்கள், லைனைத் துண்டியுங்கள். மற்ற அறிகுறிகளை வேலை நடக்கும்போதே ஆராயலாம், இதை முடியாது.

அப்புறம் கிளவுஸைப் பாருங்கள். இரட்டை முக்கோணமும் ஐஇசி 60903 என்ற எண்ணும் வகுப்பும் இல்லாத எதுவும் மின்சாரத்துக்கான கிளவுஸ் அல்ல, ரப்பராக இருந்தாலும் சரி, காய்ந்த தோலாக இருந்தாலும் சரி. இந்தியத் தரத்தில் இதற்கு ஐஎஸ் 4770. வகுப்பு 00 மாற்று மின்சாரத்தில் 500 வோல்ட் வரை, வகுப்பு 0 என்றால் 1000 வோல்ட், 1 என்றால் 7500, 2 என்றால் 17000, 3 என்றால் 26500, 4 என்றால் 36000. லேபிளின் நிறமே வகுப்பைச் சொல்லிவிடும்: 0 சிவப்பு, 1 வெள்ளை, 2 மஞ்சள், 3 பச்சை, 4 ஆரஞ்சு. நம் மூன்று ஃபேஸ் பேனலுக்குக் கணக்குப்படி 00 போதும், நான் 0 தான் வாங்குகிறேன்.

வகுப்பு சரியாக இருந்தும் ஷாக் அடித்தால் ஓட்டை அல்லது வயசு. ஒவ்வொரு முறை மாட்டும் முன்பும் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்துக் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், மெல்லிய சீற்றம் கேட்டாலும் அது போய்விட்டது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் விதிப்படி பயன்பாட்டுக்குக் கொடுத்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சோதனைக்கு அனுப்ப வேண்டும். நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். மேலே தோல் உறை போடாமல் ரப்பரை மட்டும் மாட்டினால் ஒரு கம்பிப் பிசிறு போதும் ஓட்டை போட. மடித்து வைக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள், ரப்பர் மடிப்பில்தான் முதலில் வெடிக்கும்.

விரல் நசுங்கியது

இஎன் 388 வரிசையின் கடைசியில் 'பி' (P) இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அது விரல் எலும்பு மூட்டுகளின் மேடு இருக்கும் புறங்கைப் பகுதியில் 5 ஜூல் அடி கொடுத்துப் பார்த்தது, விரல்களை அந்த முறையில் சோதிக்க முடியாது. விரலுக்கும் வேண்டுமென்றால் ஆன்சி 138 அச்சைத் தேடுங்கள், அதில் 1 முதல் 3 வரை நிலை உண்டு, 3 உயர்ந்தது. இரண்டு இரும்புக்கு நடுவே விரல் மாட்டினால் இவை எதுவும் போதாது.

அரிப்பு, தடிப்பு, தோல் வெடிப்பு

எப்போது ஆரம்பிக்கிறது என்று முதலில் கேளுங்கள். மாட்டின சில நிமிடத்தில் அரித்துத் தடித்தால் இயற்கை ரப்பரின் புரதம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகப்படலாம். மூச்சு திணறினால் உடனே ஆஸ்பத்திரி. அப்படிப்பட்டவருக்கு லேடெக்ஸ் பக்கமே போகாமல் நைட்ரைல் கொடுங்கள். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கிளவுஸ் பட்ட இடம் மட்டும் கோடு போட்ட மாதிரி சிவந்தால் ரப்பரை இறுக்கச் சேர்க்கும் ரசாயனமாக இருக்கலாம், இது நைட்ரைலிலும் உண்டு, அதனால் 'லேடெக்ஸை மாற்றியும் போகவில்லை' என்பார்கள். அந்த ரசாயனம் சேர்க்காத கிளவுஸ்கள் தனியாகக் கிடைக்கின்றன.

தோல் கிளவுஸ் என்றால் குரோமியம். தோல் பதனிடும்போது சேர்க்கும் குரோமியம் ஆறாம் நிலைக்கு மாறினால் ஒவ்வாமை தரும், ஐஎஸ்ஓ 21420 தரப்படி அது ஒரு கிலோ தோலில் 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஈரச் சிமெண்ட்டிலும் அதே குரோமியம் உண்டு, கூடவே கடுமையான காரமும் உண்டு. கொத்தனார் வேலைக்குத் தோல் கிளவுஸ் போட்டால் அது சிமெண்ட்த் தண்ணீரை உறிஞ்சி நாள் முழுக்கக் கையோடு ஒட்டவைக்கும், வெறும் கையைவிட மோசம். அதற்கு நைட்ரைலோ ரப்பரோ முழுதாக முக்கியெடுத்த நீளமான கிளவுஸ் வேண்டும், உள்ளே சிமெண்ட் போனால் கழற்றிக் கழுவ வேண்டும்.

கொடுத்தாலும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்

இதையும் ஓர் அறிகுறியாகத்தான் பார்க்கிறேன், ஒழுங்கீனமாகப் பார்ப்பதில்லை. எங்கள் ஸ்டோர்ஸில் வெகுநாள் 10 அளவு மட்டும்தான் இருந்தது, 'எல்லாருக்கும் போகும்' என்று. உள்ளங்கையின் சுற்றளவை அங்குலத்தில் அளந்தால் ஏறத்தாழ அதுவே கிளவுஸின் அளவு. பேக்கிங்கில் இருக்கும் பெண்கள் பலருக்கு 7 வந்தது. விரல் நுனியில் ஓர் அங்குலம் துணி தொங்கினால் எப்படி ஸ்க்ரூ எடுப்பார்கள்? அளவு எடுத்து 7 முதல் 10 வரை வாங்கி வைத்த பிறகு கழற்றுவது பாதிக்கு மேல் நின்றுவிட்டது.

மீதிக்குக் காரணம் விரலின் லாவகம். ஐஎஸ்ஓ 21420-ல் சிறு சிறு கம்பித்துண்டுகளை எடுக்கவைத்து 1 முதல் 5 வரை நிலை கொடுப்பார்கள், 5 மில்லிமீட்டர் விட்டமுள்ளதை எடுக்க முடிந்தால் நிலை 5. பின்னல் கேஜும் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை பின்னல் ஊசி என்ற கணக்கு) உதவும், 13 கேஜைவிட 18 கேஜ் மெல்லியது. இப்போது மெல்லிய 18 கேஜிலேயே வெட்டு 'டி' கிடைக்கிறது, விலை அதிகம், ஆனால் கையில் இருக்கும் கிளவுஸ் அதுதான்.

அச்சே இல்லை, அல்லது அச்சைப் பார்த்தால் சந்தேகமாக இருக்கிறது

சுத்தியல் படம் இருந்து கீழே எண் இல்லை என்றால் வாங்காதீர்கள். தேய்மான இடத்தில் 5 என்று போட்டிருந்தால் அது பொய், அந்த இடத்தின் உச்சம் 4, கிழிசலுக்கும் குத்துக்கும் அதேதான், வெட்டுக்கு மட்டும்தான் 5 உண்டு. ஐரோப்பிய ஒழுங்குமுறை 2016/425-ன்படி கடும் ரசாயனம், மின்சாரம் போன்ற உயிராபத்து வகை கிளவுஸ்கள் மூன்றாம் பிரிவு. அவற்றில் ஐரோப்பியச் சந்தைக்கான சிஇ (CE) குறிக்குப் பக்கத்தில் சோதனை அமைப்பின் நான்கு இலக்க எண் இருந்தே ஆக வேண்டும். ரசாயன கிளவுஸில் அந்த எண் இல்லாமல் வெறும் சிஇ மட்டும் இருந்தால் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள்.

சப்ளையரிடம் நான் கேட்பது இரண்டு தாள்: தயாரிப்பாளரின் இணக்க அறிவிப்பு, சோதனை அறிக்கை. அறிக்கையில் இருக்கும் மாடல் எண்ணும் கிளவுஸில் அச்சடித்த மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிடுவேன், ஏனென்றால் ஒரு மாடலின் அறிக்கையைக் காட்டி இன்னொரு மாடலைத் தள்ளிவிடுவது நடக்கிறது, எங்களுக்கே ஒருமுறை நடந்தது. இரண்டும் பொருந்தினால் முதலில் ஒரு டஜன் மட்டும் எடுத்து, அந்த வேலையை நாள் முழுக்கச் செய்கிறவர்கள் இரண்டு பேரிடம் ஒரு வாரம் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்ட பிறகுதான் பெரிய ஆர்டர் போடுகிறேன்.